ஓரத்தில் ஒரு கேள்வி

ஜனவரி 11

தம்பிக்கு அக்கா எழுதுவது.

முழங்காலைத் தவிர மற்ற எல்லாம் நலம். அத்தானும் நலம். உலகமே தலைகீழாகப் போனாலும் அந்த மனிதர் நலமாகத்தான் இருப்பார், அதுவே எனக்குப் பாதி எரிச்சல். உன் கண் எரிச்சல் குறைந்ததா? உன் மனைவி வாங்கி வைத்த சொட்டு மருந்தை ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறாயா?

இதழ் வந்துவிட்டது. என் கட்டுரையைப் புரட்டினேன். மூன்றாம் பக்கத்தின் ஓரத்தில், பெரிய சமன்பாட்டுக்குப் பக்கத்தில், பொடி எழுத்தில் அச்சாகியிருக்கிறது: "அக்கா, இந்த வாக்கியம் மூச்சு முட்டுது. ரெண்டா வெட்டவா?"

நான் எழுதுவது அந்த இதழைப் போடுகிற உங்கள் ஆபீஸில் உன் பிரிவுக்கு வரும். நீ பக்கம் அமைப்பாய், சந்தேகம் வந்த இடத்தில் மெய்ப்பின் ஓரத்தில் கேள்வி போட்டு அனுப்புவாய், அதோடு அதாக என்னையும் வம்புக்கு இழுப்பாய். இத்தனை வருஷமாக நமக்குள் பேச்சுவார்த்தையே அந்த ஓரத்தில்தான். ஆனால் அச்சுக்குப் போகும் முன் அழிக்க வேண்டாமா? வெளிநாட்டிலிருந்து ஒரு பேராசிரியர், "மூன்றாம் பக்கத்தில் உள்ள புதிய குறியீட்டுக்குக் கட்டுரையில் விளக்கம் இல்லையே" என்று கேட்டு எழுதியிருக்கிறார். நான் அவருக்கு என்ன பதில் போடுவது?

அதை விடு. பெரிய கோபம் வேறு இருக்கிறது. சந்தாவை மறுபடி ஏற்றிவிட்டார்கள் என்று எங்கள் கல்லூரி நூலகம் அந்த இதழையே நிறுத்திவிட்டது. என் ஆராய்ச்சி மாணவி வந்து கேட்கிறாள், "மேடம், அட்டையில உங்க பேரு இருக்கு, உள்ள உங்க கட்டுரை இருக்கு, நான் மட்டும் வாசல்லயே நிக்கணுமா?" எழுதுகிறவர்களுக்குக் கூலி இல்லை. அது சரியா தப்பா என்று பார்த்துச் சொல்கிறவர்களுக்கும் இல்லை. ஆசிரியர் குழுவில் உட்கார்ந்து தலையைப் பிய்த்துக்கொள்கிற எனக்கும் இல்லை. எல்லாவற்றையும் சும்மா வாங்கிக்கொண்டு அதையே எங்களுக்கு விற்கிறார் வெளியீட்டாளர். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

போன கூட்டத்தில் என்னால் பொறுக்க முடியவில்லை. "எல்லாரும் ஒண்ணா விலகிடுவோம். யாரு வேணா சும்மா படிக்கிற மாதிரி நாமளே ஒரு இதழ் தொடங்குவோம்" என்று சொல்லிவிட்டேன். தலைமை ஆசிரியர், அவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் பெரிய கண்ணாடி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "யோசிக்கலாம்" என்றார். அவர் அப்படிச் சொன்னால் பாதி சம்மதம்.

நீ என்ன நினைக்கிறாய்? எழுது. கண் பத்திரம், உன் தொழிலே அதில்தான் இருக்கிறது.

அக்கா


ஜனவரி 29

அக்காவுக்கு,

இங்கே நானும் அவளும் சுகம். கண் எரிகிறது. எரியாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும், வேலை இல்லை என்று அர்த்தம். முழங்காலுக்காக அத்தானைத் திட்டுவதை விட்டுவிட்டு டாக்டரிடம் காட்டு.

ஓரத்தில் அச்சான வரிக்கு எனக்கு எச்சரிக்கை கொடுத்துவிட்டார்கள். மேலாளர் கூப்பிட்டு அந்த வரியை வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். படித்தேன். "வாக்கியம் நீளம்தான். ஆனா அக்காவை வீட்டோட வச்சுக்க" என்றார். இனிமேல் ஓரத்தில் கேள்வி மட்டும்தான், சொந்தப் பேச்சு கூடாது. போனை வாசலிலேயே வாங்கிப் பூட்டிவிடுகிறார்கள். அதனால் இப்படிக் கடிதம். மாலையில் போனில் பேசலாமே என்பாய். போனில் நீ பாடம் நடத்துவாய், நான் 'ம்' போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கடிதம் என்றால் உன்னை நடுவில் நிறுத்திவிட்டுப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம்.

வெளிநாட்டுப் பேராசிரியருக்கு, அது குறியீடு இல்லை, தம்பி என்று எழுதிவிடு.

எங்கள் பிரிவை மாடிக்கு மாற்றிவிட்டார்கள். ஜன்னல் இல்லாத கடைசி அறை. மற்றப் பிரிவுகளில் ஆளுக்கு நாலைந்து இதழ் பார்க்கிறார்கள். எங்களுக்கு உன் இதழ் ஒன்றுதான், ஆனால் சமன்பாடு அத்தனை இருப்பதால் அது ஒன்றே அறை முழுக்கச் சோறு போடுகிறது. புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். "அண்ணா, இந்த அடைப்புக்குறி எங்க ஆரம்பிச்சுதுன்னே தெரியல" என்று தேடிக்கொண்டே மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டாள். இப்போது அவளுக்கு அடைப்புக்குறி என்றே பெயர்.

இதழைப் பற்றி நீ எழுதியிருந்ததைப் படித்தேன். இங்கே நல்ல மழை. சமையலறைக் கூரை ஒழுகுகிறது, சட்டி பானையெல்லாம் தரையில்தான் இருக்கிறது. அவள் உன்னை விசாரித்தாள்.

தம்பி


பிப்ரவரி 14

தம்பிக்கு,

டாக்டரிடம் போனேன். "மாடிப்படி ஏறாதீங்க" என்றார். என் வகுப்பு மூன்றாவது மாடியில். லிப்ட் வந்த நாளிலிருந்து பழுது. மற்றபடி நலம். கூரையைச் சரி பண்ணு, ஈரத்தில் நடந்து அவள் வழுக்கி விழுந்துவிடப் போகிறாள்.

எங்கள் துறைத்தலைவரிடம் பேசிப் பார்த்தேன். புள்ளிக்கணக்கு என்று சொல்வேனே, அவர்தான். ஆராய்ச்சி என்றால் அவருக்கு ஒரு கட்டுரைக்கு இத்தனை புள்ளி, ஒரு மாநாட்டுக்கு இத்தனை புள்ளி. நான் திறந்த இதழ் என்று ஆரம்பித்ததுமே, "மேடம், சும்மா படிக்கிற ஜர்னலுக்குப் புள்ளி கிடையாது. புள்ளி இல்லேன்னா பதவி உயர்வு கிடையாது. அப்புறம் எதுக்கு மேடம் ஆராய்ச்சி?" என்கிறார். ஆராய்ச்சி எதற்கு என்று ஒரு துறைத்தலைவர் கேட்கிறார், நான் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். என் வேலை என்ன தெரியுமா? ஒரு ஊரில் திடீரென்று பாதைகள் அடைபட்டால், முதலிலிருந்து கணக்குப் போடாமல், மிச்சப் பாதைகளை வைத்து உடனே மாற்றுவழி கண்டுபிடிப்பது எப்படி என்பது. அதை ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர்களுக்கு உதவும் என்றுதான் செய்தேன். அதைப் படிக்கிற பாதையையே அடைத்து வைத்திருக்கிறார்கள்.

குழுவில் இரண்டு பேரைத் தவிர எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள். பூனைக்கு யார் மணி கட்டுவது என்று முழித்தபோது, அறிக்கையை நானே எழுதுகிறேன் என்று சொல்லி எழுதியும் விட்டேன். இதோடு வைத்திருக்கிறேன். நீதான் இதை அழகாகப் பக்கம் அமைத்துத் தர வேண்டும். நாங்கள் அமைத்தால் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற சீட்டு மாதிரி இருக்கும். உன் கை பட்டால்தான் ஒருவன் மதித்துப் படிப்பான். எல்லோரும் ஒரே நாளில் கையெழுத்துப் போட்டு, ஒரே நாளில் விலகப் போகிறோம். ஜூலையில் வெளியிடுவோம்.

எனக்கு எப்படி இருக்கிறது தெரியுமா? பல வருஷமாகத் தொண்டையில் கிடந்த முள்ளை எடுத்த மாதிரி இருக்கிறது. சீக்கிரம் அனுப்பு.

அக்கா


மார்ச் 4

அக்காவுக்கு,

சுகம். கூரைக்கு ஆள் சொல்லியிருக்கிறேன்.

அறிக்கையை வீட்டில் வைத்து அமைத்தேன், ஆபீஸ் நேரத்தில் இல்லை. தலைப்பைக் கொஞ்சம் சின்னதாக்கியிருக்கிறேன், நீ கத்துகிற மாதிரி இருந்தது. நாலாவது பத்தியின் ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி போட்டிருக்கிறேன். பார்த்துப் பதில் எழுது.

வரி: "வெளியீட்டாளர் நம் கட்டுரைகளில் விலையைத் தவிர வேறு எதையும் சேர்ப்பதில்லை."

கேள்வி: இந்த வரி சரியா? உறுதி செய்க.

தம்பி


மார்ச் 12

தம்பிக்கு,

அடேயப்பா, என்ன அழகு. பெரிய கண்ணாடி அதைக் கையில் வாங்கிக்கொண்டு, "இது யார் அமைச்சது?" என்றார். என் தம்பி என்றேன். அப்போது எனக்கு இருந்த பெருமையை எழுதினால் உனக்குத் தலைக்கனம் ஏறும்.

உன் கேள்விக்குப் பதில்: வரி சரிதான். அதுதான் அறிக்கையின் உயிரே. அதைப் படித்துவிட்டுத்தான் தயங்கிக்கொண்டிருந்த இரண்டு பேரும் வந்தார்கள். அப்படியே இருக்கட்டும்.

வகுப்பில் அந்த மாணவியிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லிவைத்தேன், "இன்னும் கொஞ்ச நாள், வாசல்ல நிக்க வேணாம்" என்று. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. இத்தனை வருஷம் பாடம் நடத்தியதில் ஒருத்தர் முகம் இப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

நீ ஏன் இப்போதெல்லாம் தந்தி மாதிரி எழுதுகிறாய்? முழங்காலுக்குப் பட்டை போட்டிருக்கிறேன். அவளைக் கேட்டதாகச் சொல்.

அக்கா


ஏப்ரல் 8

அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதுகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்களும் அண்ணனும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் கடைசிக் கடிதத்துக்கு இவர் பதில் போடவில்லை. போட மாட்டார். அதனால் நான் போடுகிறேன். இது இவருக்குத் தெரியாது.

அந்த அறிக்கையைச் சாப்பாட்டு மேசையில் வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அமைத்தார். "நல்லா வந்திருக்கா பாரு" என்று என்னிடம் நீட்டினார். நானும் படித்தேன். எழுதினவர்கள் இருக்கிறார்கள், சரிபார்த்தவர்கள் இருக்கிறார்கள், பிள்ளைகள் இருக்கிறார்கள். "இதுல நீங்க எங்க இருக்கீங்க?" என்று கேட்டேன். சிரித்தார். "நாலாவது பத்தியில, 'வேறு எதையும்'னு இருக்குல்ல, அதுதான் நான்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அப்புறம் சாப்பிடவில்லை.

நீங்கள் எல்லோரும் விலகினால் இதழ் நிற்கும். இதழ் நின்றால் இவர் பிரிவு மூடும். மேலாளரே பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். அந்த அறையில் இருக்கிற அத்தனை பேரும் இவர் முகத்தைப் பார்க்கிறார்கள், ஏனென்றால் அக்கா யார் என்று எல்லோருக்கும் தெரியும். நீங்கள் செய்வது நியாயம்தான் என்று இவரே சொல்கிறார். எனக்கும் புரிகிறது, படிக்கிற பிள்ளைகள் வாசலில் நிற்கக் கூடாது. ஆனால் அடிமடியில் கை வைக்கும்போது, அது யார் மடி என்று ஒரு தடவை குனிந்து பார்க்கலாம் இல்லையா அண்ணி?

கோபத்தில் எழுதவில்லை. கொஞ்சம் கோபம்தான். கூரை இன்னும் ஒழுகுகிறது.

உங்கள் தம்பி மனைவி


ஜூன் 21

தம்பிக்கு,

பதில் போட இத்தனை நாளாகிவிட்டது. தேர்வுத்தாள் மலை மாதிரி குவிந்துவிட்டது. அத்தான் நலம். எனக்கு முழங்காலோடு இப்போது தோளும் சேர்ந்துகொண்டது, கூட்டணி.

வகுப்பைப் பற்றி எழுதுகிறேன், சிரி. ஒரு நிரல் எழுதி வரச் சொன்னேன். எல்லோரும் கொண்டுவந்தார்கள். எல்லா நிரலிலும் ஒரே வரியில் ஒரே பிழை. "பிழையையாவது சொந்தமா பண்ணுங்கப்பா" என்றேன். கடைசி வரிசைக்காரன் ஒருத்தன் மட்டும் வேறு எங்கிருந்தோ எடுத்து வந்திருந்தான், அது சரியாக ஓடியது. எப்படி ஓடுகிறது என்று கரும்பலகையில் விளக்கச் சொன்னேன். "மேடம், இது ஓடுது. ஏன் ஓடுதுன்னு கேட்டா எப்படி?" என்கிறான். வகுப்பே சிரித்தது. எனக்கு என்னவோ அழுகை வந்துவிட்டது, பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். முழங்கால் வலி என்று நினைத்து ஒருத்தி நாற்காலி கொண்டுவந்து போட்டாள்.

கூரை என்ன ஆயிற்று? உன் பிரிவில் எல்லோரும் எப்படி இருக்கிறார்கள்? அந்த அடைப்புக்குறிப் பெண் வேளைக்குச் சாப்பிடுகிறாளா? உன் பக்கத்தில் உட்கார்வது யார், எத்தனை வருஷமாக இருக்கிறார்கள், வீட்டில் யார் யார்? ஆளாளுக்கு எழுது.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

அக்கா


ஜூலை 6

அக்காவுக்கு,

உனக்கு உடம்புக்கு என்ன? மறைக்காமல் எழுது. என் பிரிவில் யார் பக்கத்தில் யார் உட்கார்கிறார்கள் என்று நீ கேட்கிறாய் என்றால் ஏதோ பெரிய வியாதிதான்.

அடைப்புக்குறி சாப்பிடுகிறாள், நன்றாகவே சாப்பிடுகிறாள். என் பக்கத்தில் உட்கார்வது ஒரு பெரியவர். கட்டுரைகளில் வரும் விளக்கப்படங்களை எல்லாம் அவர்தான் பார்ப்பார், வாயைத் திறந்தால் அரசியல்தான். மகள் கல்லூரியில் படிக்கிறாள். கூரை சரியாகிவிட்டது, இப்போது மழைதான் இல்லை.

அறிக்கை என்ன ஆயிற்று? ஜூலையில் என்றாய். உன் கடிதத்தில் இதழைப் பற்றி ஒரு வரி இல்லை. உப்புப் போடாமல் சமைத்த மாதிரி இருக்கிறது. என்னிடம் கோபமா? நான் ஒரு கேள்விதானே கேட்டேன்.

பதில் எழுது.

தம்பி


ஆகஸ்ட் 17

அக்காவுக்கு,

நீ பதில் எழுதவில்லை. சுகமாக இருக்கிறாயா என்று கேட்கிற மனநிலையில் நானும் இல்லை.

அறிக்கை வெளிவந்துவிட்டது, பார்த்தேன். நான் அமைத்த பக்கம்தான், ஒரு புள்ளி மாறவில்லை. கீழே கையெழுத்துப் போட்டவர்களின் பெயர்களைப் படித்தேன். உன் பெயர் இல்லை. விட்டுப்போயிருக்கும் என்று மறுபடி மேலிருந்து தேடினேன். இல்லை. எழுதினவளே கையெழுத்துப் போடவில்லை.

அடுத்த இதழின் முகப்புப் பக்கம் இந்த வாரம் எங்கள் அறைக்கு வந்தது. ஆசிரியர் குழு என்று போட்டு, விலகினவர்களையெல்லாம் அடித்துவிட்டு அனுப்பியிருக்கிறார்கள். மிச்சம் ஒரு பெயர். பெரிய கண்ணாடி இருந்த இடத்தில் தலைமை ஆசிரியர் என்று உன்னைப் போட்டிருக்கிறார்கள். குழுவே இல்லை, நீதான் தலைமை. அறையில் எல்லோரும் வந்து எட்டிப் பார்த்தார்கள். பக்கத்துப் பெரியவர் என் தோளைத் தட்டி, "ரத்த பாசம்னா இதான்யா" என்றார். எனக்கு அவமானமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து இவளைக் கேட்டேன். அழுதாள், எழுதியதைச் சொன்னாள். அவளைத் திட்டவில்லை. அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் நான் உன்னிடம் என் வேலைக்குக் காவல் நிற்கச் சொன்னேனா? நான் கேட்டது ஒரு வரி சரியா என்று. விஷயம் தெரிந்த பிறகும் அந்த வரியை நீ திருத்தவே இல்லை, அதற்குப் பதிலாக உன்னையே அடகு வைத்துவிட்டாய். வரி அப்படியே அச்சாகிவிட்டது, நீ மட்டும்தான் காணாமல் போயிருக்கிறாய்.

இன்னொன்றும் சொல்கிறேன். கட்டுரைகள் வருவது நின்றுவிட்டது. போன இதழ் பாதிப் பருமன்கூட இல்லை. உன் ஒரு பெயரால் இந்த இதழ் பிழைக்காது, இழுத்துக்கொண்டு கிடக்கும், அவ்வளவுதான். இதை அறையில் எல்லோரிடமும் சொன்னேன். அடைப்புக்குறி, "அவங்க போகட்டும்ணா" என்றாள். பெரியவர் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. மகளுக்கு இன்னும் படிப்பு முடியவில்லை, அவர் கோபம் நியாயம்தான்.

முகப்புப் பக்கத்தின் மெய்ப்பை முறைப்படி உனக்கு அனுப்பியிருக்கிறேன். ஓரத்தில் ஆபீஸ் கேள்விதான், சொந்தப் பேச்சு ஒன்றும் இல்லை. இங்கேயும் எழுதுகிறேன்.

கேள்வி: இந்தப் பெயர் இருக்கட்டுமா? உறுதி செய்க.

தம்பி


ஆகஸ்ட் 27

நீக்கவும்.

மெய்ப்பிலும் அப்படித்தான் எழுதி அனுப்பிவிட்டேன். இப்போது உனக்குத் தனியாக.

அந்தப் பெயரை ஆசைப்பட்டு வைத்திருந்தேன் என்று நினைத்தாயா? புள்ளிக்கணக்கு பூங்கொத்தோடு வந்தார். "தலைமை ஆசிரியர்னா தனிப் புள்ளி மேடம்" என்றார். அந்தப் பூவை அவர் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன். பெரிய கண்ணாடி என் போனை எடுப்பதில்லை. குழுவில் ஒருத்தர், "வாய்ச்சொல்லில் வீராங்கனை" என்று எல்லோருக்கும் போகிற மாதிரி எழுதினார். அதுகூடப் பரவாயில்லை. அந்த மாணவி ஒன்றும் கேட்கவில்லை. வாசலில் நிற்க வேண்டாம் என்று சொன்னேனே, அவள் தினமும் வருகிறாள், பாடத்தைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போகிறாள். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உன்னைத் தாங்குகிறேன் என்று நினைத்தேன். நீ என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வெளியீட்டாளர் என்றால் எங்கேயோ கண்ணாடிக் கட்டடத்தில் கோட்டுப் போட்டவர்கள் என்றே திட்டிக்கொண்டிருந்தேன். அந்தத் திட்டை உன்னிடமே கொடுத்து அழகாக அமைத்துத் தா என்று கேட்டிருக்கிறேன். நீயும் அமைத்துக் கொடுத்திருக்கிறாய். நம் இருவரைப் போல் முட்டாள்கள் கிடைப்பார்களா?

இதனால் உன் அறை மூடும். எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். மன்னித்துவிடு என்று கேட்க வாய் வரவில்லை.

அவளிடம் சொல், குனிந்து பார்த்தேன் என்று.

அக்கா


அக்டோபர் 19

தம்பிக்கு,

உன் கடிதத்தைக் காணோம். நீயும் அவளும் எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு வரியாவது எழுது. இதழ் நின்றுவிட்டது என்று அறிவிப்பு வந்தது. உன் அறை என்ன ஆயிற்று என்று கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது.

புதிய இதழின் குழுவில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். பெரிய கண்ணாடி வந்து, "லேட்டா வந்தாலும் வந்தீங்களே" என்றார். முதல் கூட்டத்திலேயே, பக்கம் அமைக்கத் தெரிந்த ஆட்களைச் சம்பளத்துக்கு வைக்க வேண்டும் என்றேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "நிதிக்கு எங்க போறது? நம்ம மாணவர்கள் செய்வாங்க" என்றார் ஒருத்தர். நம் மாணவர்கள் சும்மா செய்தால் அதற்குப் பெயர் என்ன என்று கேட்டேன். இன்னொருத்தர் சிரித்துக்கொண்டே, "தம்பிக்கு வேலை பாக்கறீங்களா மேடம்?" என்றார். ஆமாம் என்றேன். அவன் பக்கத்தில் உட்கார்கிற பெரியவருக்கும் பார்க்கிறேன், அடைப்புக்குறி என்று ஒரு பெண் இருக்கிறாள், அவளுக்கும் பார்க்கிறேன் என்றேன். கோபத்தில் எழுந்தேன், முழங்கால் பிடித்துக்கொண்டது, மறுபடி உட்கார்ந்தேன். வாக்கெடுப்பில் தோற்றேன். அடுத்த வருஷம் பார்க்கலாமாம்.

ஒன்று மட்டும் விடவில்லை. அந்த வரிக்குப் பிழைதிருத்தம் முதல் இதழிலேயே வர வேண்டும், இல்லையென்றால் இப்போதே கிளம்புகிறேன் என்றேன். "மறுபடி விலகப் போறீங்களா" என்று சலித்துக்கொண்டு ஒத்துக்கொண்டார்கள். நானே எழுதினேன். வந்ததும் படி.

சண்டை போடவாவது எழுது.

அக்கா


டிசம்பர் 9

அக்காவுக்கு,

இருவரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். உன் முழங்காலும் அத்தானும் எப்படி?

அறையை மூடிவிட்டார்கள். நாற்காலிகளைக் கீழே கொண்டுபோகும்போது பெரியவர் தன்னுடையதைத் தானே தூக்கிக்கொண்டு போனார், யாரையும் தொட விடவில்லை. இப்போது வீட்டில் இருக்கிறார். போனேன், வாசலில் வைத்தே பேசி அனுப்பிவிட்டார். அடைப்புக்குறிக்கு வேறு இடத்தில் வேலை கிடைத்துவிட்டது. என்னைக் கீழ்த்தளத்தில் வைத்திருக்கிறார்கள், மென்பொருள் அமைக்கிற பக்கங்களைக் கண்ணால் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கிற வேலை. வருஷ முடிவு வரைக்கும்தான், அதற்குப் பிறகு தெரியாது. உன் மேல் கோபம் இல்லை என்று எழுத மாட்டேன். இருக்கிறது. நீ அந்தப் பெயரை வைத்திருந்தால் இதைவிடக் கோபம் இருந்திருக்கும். அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை, எந்தக் கோபத்தை எழுதுவது என்று தெரியவில்லை.

உங்கள் முதல் இதழைப் பார்த்தேன். காசு கேட்காமல் திறந்தது. இத்தனை வருஷம் உன் கட்டுரைகளைப் படித்தும் அவளிடம் காட்ட முடிந்ததில்லை, இப்போது காட்டினேன். சரி, அமைப்பைப் பற்றிச் சொல்லவா? எட்டாம் பக்கத்துக்கு அடுத்து பத்தாம் பக்கம் வருகிறது. ஒரு சமன்பாடு ஓரத்தைத் தாண்டி வெளியே நடந்து போய்விட்டது. மாணவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

கடைசிப் பக்கத்தில் பிழைதிருத்தம். அவள் சத்தமாகப் படித்தாள்.

"வெளியீட்டாளர் நம் கட்டுரைகளில் விலையைத் தவிர வேறு எதையும் சேர்ப்பதில்லை என்று எங்கள் அறிக்கையில் எழுதியிருந்தது தவறு என்பதையும், எங்கள் கட்டுரைகளை உலகம் படிக்கும் முன்பே வரிவரியாகப் படித்து, குறி மாறிய இடத்தில் கேள்வி கேட்டு, நாங்கள் பிழையோடு வெளியே போகாதபடி பார்த்துக்கொண்டவர்கள் ஜன்னல் இல்லாத ஓர் அறையில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும், எங்களுக்குக் கூலி இல்லை என்று கணக்குப் போட்ட நாங்கள் அவர்களுடைய கூலியைக் கணக்கில் வைக்கவில்லை என்பதையும், அந்த அறை இப்போது மூடப்பட்டுவிட்டது என்பதையும், இதை எழுதியவள் அறிந்தே இங்கு பதிவு செய்கிறாள்."

படித்து முடித்துவிட்டு, நடுவில் ஓர் இடத்தில் விரலை வைத்து, "நீங்க இங்கதான் இருக்கீங்க" என்றாள். நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

அந்தப் பக்கத்தை அச்செடுத்து வைத்திருக்கிறேன். ஆபீஸில் எனக்கு இப்போது ஓரமே இல்லை, மென்பொருள் கேள்வி கேட்பதில்லை. அதனால் வீட்டில் உட்கார்ந்து, அந்தப் பிழைதிருத்தத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி எழுதி இதோடு அனுப்புகிறேன். சும்மா இல்லை, கூலி உண்டு, உங்கள் குழுவிடம் சொல்லிவிடு. பதில் எழுது.

கேள்வி: அக்கா, இந்த வாக்கியம் மூச்சு முட்டுது. ரெண்டா வெட்டவா?

தம்பி